"நல்ல கொசு விட்டுட்டாங்களே, டாக்டர்!"

இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வந்த அக்கா. ஐந்து நாளாகக் காய்ச்சல், வயிற்றுவலி, பிளேட்லட் 38,000. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டால், "எங்க புளோக்குல நல்ல கொசு விட்டுட்டாங்களே டாக்டர், டெங்கியா இருக்காதுன்னு நெனச்சேன்" என்கிறார். நடுவில் உடம்புவலிக்கு புரூஃபன் வேறு!

அவர் சொல்லும் "நல்ல கொசு", டெங்கிக் கிருமியைக் கொசுவுக்குள் பெருகவிடாமல் தடுக்கும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றி விடும் ஏடிஸ் கொசு (டெங்கியைப் பரப்பும் இனம்தான்). சிலாங்கூரில் 2017 முதல் அதை விட்டுப் பார்த்த இடங்களில் டெங்கி ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. நாற்பதுதான். நூறு இல்லை.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர்மாறு. கொசு கடித்த கையை நீட்டி, "கிருமி ஏறியிருக்கும், ஆன்டிபயாடிக் குடுங்க" என்கிறார் ஒரு மாமா. ஐயா, வொல்பாக்கியா பூச்சியின் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது. கொசுவின் எச்சிலோடு வெளியே வராது. தாய்க் கொசுவின் முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும், அவ்வளவுதான். உங்கள் பூச்செடிப் பக்கம் திரியும் இன்னொரு ஏடிஸ் இனமான ஏடிஸ் அல்போபிக்டஸிடம் அது இயற்கையாகவே இருக்கிறது. இங்கே விட்ட கொசுவுக்குள் இருக்கும் வொல்பாக்கியா வகையும் அதிலிருந்து எடுத்ததுதான். வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈயிலும் உண்டு. இத்தனை வருடமாக அந்தக் கொசு உங்களைக் கடிக்கவில்லையா? அப்போதெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டீர்களா?

"கிருமி உள்ளே போனா கொசு வெறிபிடிச்சுக் கடிக்குமாமே?" இது வாட்ஸ்அப் ஞானம். கிருமி கொசுவின் குணத்தை மாற்றும், உண்மை. பழ ஈயிலிருந்து எடுத்த ஒரு வொல்பாக்கியா வகையை ஆய்வகத்தில் ஏடிஸுக்குள் வைத்தார்கள். வயதாக ஆக அந்தக் கொசுவின் ஊசிமூக்கு வளைந்துபோனது. குத்தும், தோலில் இறங்காது, மறுபடி குத்தும். பாவம், பட்டினி! (இங்கே விட்டது அந்த வகை இல்லை. மூக்கு வளையும் என்று காத்திருக்காதீர்கள்.)

சரி, வேலைக்கு வருவோம். வாரம் ஒருமுறை பூந்தொட்டித் தட்டு, வாளி, சாமிமேடைச் செம்பு எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேயுங்கள். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. காய்ச்சலுக்கு பனடோல் (பாராசிட்டமால்) மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன் கூடவே கூடாது. இரண்டு நாளில் விடவில்லையா, ரத்தம் பரிசோதிக்க வாருங்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம், அசதி என்றால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று படுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

அக்கா நேற்று வார்டிலிருந்து போன் செய்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பார்க்கச் சொல்லி மகனை அனுப்பினாராம். ஜெந்திக்-ஜெந்திக் (கொசுப்புழு) நெளிந்துகொண்டிருந்ததாம்.