ஃப்ளோர் பாக்ஸுக்குள் நிற்கும் அந்தத் தகடு எதற்கு?

ஆபீஸ் தரையில் பதிக்கிற ஃப்ளோர் பாக்ஸில் பிளக் பாயின்ட்டும் நெட்வொர்க் பாயின்ட்டும் சேர்ந்து இருக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக இருக்கலாம், அதற்காகவே செய்த பெட்டிதான் அது. ஆனால் நல்ல பெட்டியைத் திறந்தால் நடுவில் ஒரு தகடு நிற்கும், ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் கேட்-6 என்கிற நெட்வொர்க் கேபிள். சென்னையில் ஐடி ஆபீஸ்களுக்கு வயரிங் செய்து கொடுப்பதுதான் என் தொழில். வேறு யாரோ முடித்துவிட்டுப் போன பெட்டிகளைத் திறக்கும்போது அந்தத் தகட்டை மட்டும் பல இடங்களில் காணோம். இடம் பத்தவில்லை என்று கழற்றி எறிந்திருப்பார்கள்.

தகடு எதற்கு என்று சைட்டில் கேட்டால் வருகிற பதில், "கரண்ட் ஒயர் பக்கத்துல போனா நெட் ஸ்லோ ஆகும் சார்." அதில் கொஞ்சம் உண்மை உண்டு. வெகுதூரம் ஒட்டியே ஓடினால், அதுவும் லிஃப்ட் மோட்டார் மாதிரி இரைச்சல் மிகுந்த லைனோடு ஓடினால், தொந்தரவு வரத்தான் செய்யும். ஆனால் கேட்-6 கேபிளில் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி வைத்திருப்பதே, வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து மறுமுனையில் கழிந்து போகட்டும் என்றுதான். ஒரு பெட்டிக்குள் அரையடி தூரம் பக்கத்தில் கிடந்ததால் வேகம் குறைந்து நான் பார்த்ததில்லை. இந்தக் காரணத்தை நம்புகிறவர் என்ன செய்கிறார் என்றால், லேப்டாப்பைச் சொருகி ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தானே வருகிறது, அப்புறம் தகடு எதற்கு என்று விட்டுவிடுகிறார்.

தகடு இருப்பது ஷாக் அடிக்காமல் இருக்க.

கடையில் வாங்குகிற எஃப்ஆர் (எளிதில் தீப்பற்றாத) கரண்ட் ஒயரின் உறை 1100 வோல்ட் தரத்தில் வரும். டேட்டா கேபிளுக்குள் இருக்கும் கம்பிகளின் உறை மெல்லியது, மெயின் கரண்டுக்கு ஈடுகொடுக்க அது செய்யப்படவில்லை. தகடில்லாத பெட்டியில் சாக்கெட்டின் ஸ்க்ரூ தளர்ந்து ஒரு பேஸ் ஒயர் கழன்று, பக்கத்து ஜாக்கின் முதுகில் போய் உட்கார்ந்தால், 230 வோல்ட் நேராக நெட்வொர்க் கம்பியில் ஏறிவிடும். ஏறினால், கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் எம்சிபி விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விழாமலே இருக்கலாம். ஈதர்நெட் போர்ட்டுக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, 1500 வோல்ட் வைத்துச் சோதிக்கும் அளவுக்குக் கேபிளையும் கருவியையும் அது பிரித்து வைக்கிறது. கருவியைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடுதான், ஆனால் அதனாலேயே கம்பியில் ஏறிய கரண்டுக்கு எர்த்துக்குப் போக வழி கிடைப்பதில்லை. எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் அசையாது. நெட்வொர்க் சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம், ஃபைல் இறங்கிக்கொண்டே இருக்கலாம். சர்வர் ரூமில், நெட்வொர்க் கேபிளெல்லாம் வந்து முடிகிற பேட்ச் பேனலுக்குப் பின்னால் கேபிளைச் சீவி முனை போடுகிற பையன் வெறுங்கையால் தொடும்போது அவன் உடம்புதான் அந்தக் கரண்டுக்குக் கிடைக்கிற முதல் வழி. டேட்டா ஒயரில் டெஸ்டர் வைத்துப் பார்க்கிற பழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது?

நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்குக் கரண்டும் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச் என்றால் இன்னும் சிக்கல். பல சுவிட்சுகளில் எல்லாப் போர்ட்டுக்கும் சுமார் 50 வோல்ட் டிசி ஒரே சப்ளையிலிருந்து பிரிந்து போகிறது. ஒரு பெட்டியில் ஏறிய கரண்ட், எங்கோ சீலிங்கில் தொங்கும் கேமராவின் கேபிளிலும் தலைகாட்ட வாய்ப்புண்டு.

கட்டட வயரிங்கிற்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60364 இதைத்தான் கேட்கிறது: மின் கேபிளும் குறைந்த வோல்ட் கேபிளும் ஒரே வழியில் போவதென்றால், அங்கே இருக்கிற அதிகபட்ச வோல்ட்டை எல்லாக் கேபிளின் உறையும் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் இடையில் தடுப்பு வேண்டும். அமெரிக்க விதியும் ஒரே பெட்டிக்குத் தடுப்பைக் கட்டாயமாக்குகிறது.

சரி, தெரிந்தும் ஏன் இப்படி ஆகிறது? குற்றம் பெட்டியில் தொடங்குவதே இல்லை, பைப்பில் தொடங்குகிறது. டைல்ஸுக்கு அடியில் ஸ்க்ரீட் என்கிற சிமென்ட் தளம் போடும்போது எலக்ட்ரீஷியன் பவருக்கு ஒரு பைப்பும் டேட்டாவுக்கு ஒரு பைப்பும் போட்டுவிட்டுத்தான் போகிறார். நெட்வொர்க் ஆள் வருவது டைல்ஸ், கார்பெட் எல்லாம் முடிந்த பிறகு. அதற்குள் டேட்டா பைப்பின் வாயில் சிமென்ட் பால் இறங்கிக் கெட்டியாகி இருக்கும், இழுக்க உள்ளே விட்டிருந்த ஜிஐ கம்பியும் காணாமல் போயிருக்கும். தரையை உடைக்க யாரும் விடமாட்டார்கள், மறுநாள் ஹேண்டோவர். அவர் பார்வைக்குப் பவர் பைப் பாதி காலியாகத் தெரிகிறது, அதிலேயே கேட்-6-ஐ இழுத்துவிடுகிறார். பெட்டிக்குள் வந்த பிறகு தகடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! நான் அவரை மட்டும் குறை சொல்லமாட்டேன். இரண்டு கான்ட்ராக்டரையும் ஸ்க்ரீட்டுக்கு முன்னால் ஒரு நாள் சைட்டில் சேர்த்து நிற்க வைக்காத இன்டீரியர் கம்பெனிதான் முதல் பொறுப்பு. பைப் வாய்களை மூடி டேப் சுற்றுவதும், கம்பி முனையைப் பெட்டியில் கட்டி வைப்பதும், பவரும் டேட்டாவும் பெட்டியின் எதிரெதிர்ப் பக்கமாக நுழைகிற மாதிரி வைப்பதும் அன்றைக்கே முடிகிற வேலை.

இன்னொன்று, இது எலக்ட்ரீஷியன்களுக்கே தவறிவிடுகிறது. ஆபீஸ் பெட்டியில் பெரும்பாலும் யுபிஎஸ் சாக்கெட் ஒன்றும் யுபிஎஸ் வழியாக வராத ரா பவர் சாக்கெட் ஒன்றும் இருக்கும். அந்தத் தளத்தின் டிபியில் (மின் பகிர்வுப் பெட்டியில்) எம்சிபியை இறக்கிவிட்டு, கரண்ட் இல்லை என்று பெட்டியைத் திறப்பார்கள், யுபிஎஸ் பக்கம் உயிரோடு இருக்கும். இரண்டும் வெவ்வேறு பேஸிலிருந்து வந்தால் இடையில் சுமார் 400 வோல்ட். மூடியின் உள்பக்கம் இரண்டு டிபி, இரண்டு எம்சிபி நம்பரையும் எழுதி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

தகடு உலோகமென்றால் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும், உலோக மூடியும் அப்படியே. தினமும் ராத்திரி ஈரத் துடைப்பம் ஓடுகிற தரை அது. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று சிலர் கழற்றியே விடுகிறார்கள். ஒவ்வொரு கணினியின் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையிலும் கொஞ்சம் கசிவு இருப்பது இயல்பு, ஒரே ஆர்சிசிபியில் இருபது முப்பது கணினியைக் கட்டினால் அது விழாமல் என்ன செய்யும்? சர்க்யூட்டைப் பிரிக்க வேண்டும்.

உங்கள் ஆபீஸில் இப்போது இருக்கிற பெட்டியைப் பார்க்க வேண்டுமானால், எலக்ட்ரீஷியனை வைத்து ரா பவர், யுபிஎஸ் இரண்டையும் நிறுத்தி, டெஸ்டரை நம்பாமல் மீட்டரில் உறுதி செய்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். டேட்டா கேபிளைச் சுவிட்ச் முனையில் முதலில் கழற்றிவிட வேண்டும், அப்போதுதான் உறையைச் சோதிக்க உயர் வோல்ட் ஏற்றும் மெகர் போட்டாலும் சுவிட்ச் பிழைக்கும். தகடு இல்லையென்றால் அதே மாடலுக்கான தகட்டைக் கம்பெனியில் கேட்டு வாங்குங்கள், பட்டறையில் வெட்டிய ஜிஐ தகடு வேண்டாம், அதன் விளிம்பே ஒயரைக் கிழிக்கும். கேட்-6 பவர் பைப்பில் வந்திருந்தால் பெட்டியில் என்ன செய்தாலும் பயனில்லை. அந்த மேசைக்கு டேட்டாவைத் தரைக்கு மேலே தனி டிரங்கிங்கில் (மூடி போட்ட ஒயர் பாதையில்) கொண்டுவரச் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்காது என்று ஆர்க்கிடெக்ட் சண்டை போடுவார், போடட்டும்.