விசிட்டிங் கிளர்ஜி: ஒருவரா, பலரா?

சென்னைத் திருச்சபைகள் அறுப்பின் பண்டிகைக்கும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அச்சிடும் அழைப்பிதழ்களில் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாக இருப்பது வழக்கம். வேறு சபையிலிருந்து செய்தி அளிக்க வரும் ஒரே ஓர் ஆயரை அந்த ஆங்கிலப் பக்கத்தில் ‘எ விசிட்டிங் கிளர்ஜி’ என்று குறிப்பிடுவதைக் காண்கிறோம். இது பிழை. கிளர்ஜி என்பது குருப்பட்டம் பெற்றோரை ஒருசேரச் சுட்டும் தொகுதிப் பெயர். தமிழில் ‘ஒரு குருமார் வந்தார்’ என்று எவரும் எழுதுவதில்லை. ஆங்கிலத்தில் ‘எ கிளர்ஜி’ என்பதும் அப்படித்தான் ஒலிக்கும்.

வருபவர் ஒருவரானால் ‘எ விசிட்டிங் பிரீஸ்ட்’ என்றோ, தென்னிந்தியத் திருச்சபை வழக்குப்படி ‘எ விசிட்டிங் பிரெஸ்பிட்டர்’ என்றோ எழுதலாம். ‘கிளர்ஜிமேன்’ என்பது ஆணை மட்டுமே குறிக்கும். 2013-இல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பா லலிதா என்னும் பெண்மணி பேராயரான (பிஷப்பான) ஒரு திருச்சபையில், ‘மெம்பர் ஆஃப் த கிளர்ஜி’ என்று பொதுவாக எழுதுவதே தக்கது.

இத்தொடரில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘விசிட்டிங் கிளர்ஜி’ என்பதற்கு வருகை தந்துள்ள குருமார் என்றும் பொருள் கொள்ளலாம். குருமாரைச் சென்று காணுதல் என்றும் பொருள் கொள்ளலாம். எது என்பதை வினைச்சொல்லே காட்டிக்கொடுக்கும். ‘விசிட்டிங் கிளர்ஜி ஆர் வெல்கம்’ என்று பன்மை வினை வந்தால் வந்திருக்கும் குருமாரை வரவேற்கிறோம் என்பது பொருள். ‘ஆர்’ இருக்குமிடத்தில் ‘இஸ்’ வந்துவிட்டால், குருமாரைப் போய்ப் பார்ப்பது வரவேற்கத்தக்கது என்று படிக்க இடமாகிவிடும். தமிழில் ‘குருமாரை’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபே இந்த மயக்கத்தை நீக்கிவிடுவதால், தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுவோர் இதைக் கவனிக்காமல் விடுவது இயல்பு.

கிளர்ஜி பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் ‘கிளேரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லில் இருக்கிறது. சீட்டு, பங்கு, சுதந்தர வீதம் (வாரிசுரிமையாக வரும் பங்கு) என்பன அதன் பொருள்கள். அப்போஸ்தலர் நடபடிகளில், யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டபோது மத்தியாவின் பேருக்கு விழுந்த சீட்டைக் கிரேக்க மூலம் இச்சொல்லாலேயே குறிக்கிறது. இஸ்ரவேலின் ஆசாரியக் கோத்திரமான லேவியருக்கு நிலத்தில் பங்கில்லை, கர்த்தரே அவர்களுடைய சுதந்தரம் என்று உபாகமம் 18-ஆம் அதிகாரம் கூறுவதை ஒட்டியே, கர்த்தரைத் தம் பங்காகக் கொண்டவர்கள் அல்லது கர்த்தருக்குப் பங்கானவர்கள் என்பதால் குருமாருக்கு இப்பெயர் வந்தது என்று விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் விளக்கினார். இடைக்கால ஐரோப்பாவில் எழுத்தறிவு பெரும்பாலும் குருமாரிடமே இருந்தமையால், இதே வேரிலிருந்து எழுத்துவேலை செய்வோருக்குரிய ‘கிளார்க்’ என்ற பெயரும் கிளைத்தது. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணித மேதை இராமானுஜன் ஏற்ற வேலையின் பெயரும் இதுவே.

இனித் தமிழ்ச் சொல். கத்தோலிக்கர் குருப்பட்டம் பெற்றோரைத் திருநிலையினர் என்றும், மற்ற இறைமக்களைப் பொதுநிலையினர் என்றும் வழங்குகின்றனர். திருநிலையினர் கருத்துச் செறிந்த சொல்தான். எனினும் அழைப்பிதழுக்குக் குருமார் என்பதே எல்லாச் சபையாருக்கும் விளங்கும். ஆயர் என்று எழுதும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. சென்னையின் தென்னிந்தியத் திருச்சபையில் சபையை நடத்துபவர் ஆயர், அவருக்கு மேலுள்ள பிஷப் பேராயர். கத்தோலிக்கத் திருச்சபையிலோ பிஷப்பே ஆயர், சாந்தோமைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் ஆர்ச்பிஷப்தான் பேராயர். ஆகவே இரு சபையாரும் கூடும் விழாவில் ‘வருகைதரும் ஆயர்கள்’ என்று அச்சிட்டால் ஒரு சாரார் பிஷப்புகளை எதிர்பார்ப்பார்கள்.

‘சிறப்புச் செய்தியாளர்’ என்பதும் இதற்கு ஈடாகாது. அது பிரசங்கம் செய்பவரை மட்டும் சுட்டும். விசிட்டிங் கிளர்ஜி என்பதில் அங்கியணிந்து பவனியில் நடந்து, பேசாமல் திரும்பும் குருமாரும் அடங்குவர். ‘பிற சபைகளிலிருந்து வந்திருக்கும் குருமார்’ என்பது சற்று நீளமானாலும் ஐயத்துக்கு இடம் தராது. இடம் குறைவாயின் ‘வருகைதரும் குருமார்’ போதும், ஒருவராயின் ‘வருகைதரும் குருவானவர்’.