1 டாலருக்கு வீடு: அமெரிக்காவோட அர்பன் ஹோம்ஸ்டெடிங் திட்டம் எப்படி நடந்துச்சு

1970கள்ல அமெரிக்க நகரங்கள்ல வசதி இருந்தவங்க புறநகருக்குப் போயிட்டாங்க, விட்டுட்டுப் போன வீடுகளுக்கு வரி கட்ட ஆள் இல்ல, அதனால நகராட்சி எடுத்துக்கிச்சு. இன்னொரு பக்கம் அரசாங்கம் கேரண்டி கொடுத்த ஹவுசிங் லோனைக் கட்ட முடியாம போன வீடுங்க மத்திய வீட்டு வசதித் துறையான ஹட் கைக்கு வந்துச்சு. பூட்டிக் கிடந்தா பைப் திருட்டு, தீ விபத்துன்னு தெருவே நாசமாகும். இப்படிக் கிடந்த வீட்டை, பழுது பாத்து அங்கேயே குடியிருக்கணும்ங்கிற நிபந்தனையோட மக்களுக்குக் கொடுக்கிறதுதான் அர்பன் ஹோம்ஸ்டெடிங். அதை 1973ல டெலவேர் மாநிலத்துல இருக்கிற வில்மிங்டன் நகரம் முதல்ல ஆரம்பிச்சுச்சு, அதே வருஷம் பால்டிமோரும் இறங்குச்சு, வீடு 1 டாலர்.

அடுத்த வருஷமே மத்திய சட்டம் வந்துச்சு, 1974 வீட்டு வசதிச் சட்டத்தோட 810வது பிரிவு. ஹட் தன்கிட்ட இருக்கிற வீட்டை நகராட்சிக்குக் கொடுக்கும், நகராட்சி பேருக்கு ஒரு தொகை வாங்கிக்கிட்டு மக்களுக்குக் கொடுக்கும், ஆனா பத்திரம் உடனே முழுசா கைக்கு வராது. அந்த வீட்லயே குடியிருக்கணும், வாடகைக்கு விடக்கூடாது. முதல்ல 3 வருஷம்னு இருந்ததை அப்புறம் 5 ஆக்கினாங்க. உயிருக்கு ஆபத்தான பழுதை 1 வருஷத்துக்குள்ள சரி பண்ணணும், மத்த வேலைக்கு 3 வருஷம் டைம், அதிகாரிங்க வந்து பாப்பாங்க, மீறினா வீட்டைத் திரும்ப எடுத்துக்கலாம், எல்லாம் முடிஞ்சாதான் முழு உரிமை.

என்னைக் கேட்டா இந்தத் திட்டத்துல முக்கியமானது அந்த 1 டாலர் இல்லவே இல்ல, லோன்தான். கூரை, ஒயரிங், பிளம்பிங் எல்லாம் புதுசா போடுற செலவு ஏழைங்களால தாங்க முடியாதது. 1964 வீட்டு வசதிச் சட்டத்தோட 312வது பிரிவுல 3 சதவீத வட்டிக்கு 20 வருஷ லோன் கிடைச்ச இடத்துல வீடு எழுந்துச்சு, அது இல்லாதவங்களுக்கு இலவச வீடுன்னாலும் எட்டாதுதான். பால்டிமோர்ல ஓட்டர்பைன் பகுதி வீடுகளைக் குலுக்கல்ல கொடுத்தாங்க, இன்னைக்கு அது வசதியானவங்க ஏரியா. தெரு பிழைச்சது சந்தோஷம், ஆனா யாருக்கு வீடு அதிகம் தேவையோ அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு கேக்காம இருக்க முடியல.

நியூயார்க்ல தனி வீடு இல்ல, முழு அபார்ட்மென்ட் பில்டிங்கே நகராட்சி கையில இருந்துச்சு. அங்க 1978ல ஆரம்பிச்ச முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏற்கனவே குடியிருக்கிறவங்க சங்கம் அமைச்சு, பில்டிங்கை லீசுக்கு எடுத்து, வாடகை வசூல், கணக்குன்னு தாங்களே நடத்திக் காட்டணும், அப்புறம் கூட்டுறவு சங்கமா மாத்தி ஒரு ஃப்ளாட் 250 டாலருக்கு அவங்களுக்கே கொடுத்துடுவாங்க. யாரையும் வெளியேத்தாம, இருக்கிறவங்களையே ஓனராக்கினாங்க. 2002லகூட லோயர் ஈஸ்ட் சைடுல பட்டா இல்லாம குடியேறி வருஷக்கணக்கா பழுது பாத்த மக்களோட 11 பில்டிங்கை, அவங்களுக்கே போய்ச் சேரணும்னு, யுஹாப்ங்கிற அமைப்புக்கு தலா 1 டாலருக்குக் கொடுத்தாங்க.

810வது பிரிவு இப்ப இல்ல, 1990ல வந்த வீட்டு வசதிச் சட்டம் அதை ரத்து பண்ணிடுச்சு. 6 மாசமா விக்காத ஹட் வீட்டை 1 டாலருக்கு வாங்கலாம்னு இன்னொரு ஏற்பாடு வந்துச்சு, ஆனா அது உள்ளாட்சிகளுக்குத்தான், தனி ஆளுக்கு இல்ல. அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்க யாராவது 1 டாலர் வீடு விளம்பரத்தைக் காட்டினா, பழுது வேலைக்கு எஸ்டிமேட் எவ்வளவு, லோன் யார் தராங்க, எத்தனை வருஷம் குடியிருக்கணும், முழுப் பத்திரம் எப்ப கைக்கு வரும், இந்த நாலையும் எழுத்துல வாங்கின பிறகு கையெழுத்து போடச் சொல்லுங்க.