சிஎஃப்டி அறிக்கையை ஏற்குமுன் கேட்க வேண்டியவை

கட்டடத்தின் மீது காற்று மோதுவதைச் சிவப்பிலும் நீலத்திலும் காட்டும் சிஎஃப்டி (காற்று, நீர் பாய்வைக் கணினியில் கணக்கிடும் முறை) படங்களோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, காற்றின் கொந்தளிப்பைத் தோராயமாகக் கணக்கிட எந்தச் சமன்பாட்டுத் தொகுப்பை, அதாவது எந்த டர்புலன்ஸ் மாடலைப் பயன்படுத்தினீர்கள் என்பதுதான். பலருக்குப் பதில் தெரிவதில்லை. மென்பொருள் தானாகத் தேர்ந்திருந்ததை அப்படியே விட்டிருப்பார்கள். கொந்தளிப்பையே ஆராய்ந்துவரும் எனக்கு இது கவலை தருகிறது.

கொந்தளிப்பில் பெரிய சுழிகள் உடைந்து உடைந்து நுண்சுழிகளாகி, கடைசியில் வெப்பமாகக் கரைகின்றன. 1987-இல் கிம், மொயின், மோசர் மூவரும் ஓர் எளிய கால்வாய்ப் பாய்வில் அத்தனை சுழிகளையும் நேரடியாகக் கணக்கிட்டார்கள். பாய்வின் வேகமும் அளவும் கூடினால் கூடும் ரெனால்ட்ஸ் எண் அதில் சில ஆயிரம்தான். அதற்கே சுமார் 40 லட்சம் கட்டப்புள்ளிகள் தேவைப்பட்டன. புயலில் நிற்கும் கட்டடத்துக்கு ரெனால்ட்ஸ் எண் கோடியைத் தாண்டும்; தேவைப்படும் புள்ளிகளும் அதோடு பெருகும். அதனால் பெரும்பாலான அறிக்கைகளில் சராசரிப் பாய்வை மட்டும் கணக்கிட்டு, ஏற்ற இறக்கங்களின் விளைவை மாடலின் பொறுப்பில் விடுகிறார்கள்.

மாடல் சறுக்கும் இடம் ஒன்றைப் பாருங்கள். படிபோல் சட்டென இறங்கும் தரையில் காற்று பிரிந்து, சுழன்று, மீண்டும் தரையைத் தொடும். நாசா ஏம்ஸின் டிரைவரும் சீக்மில்லரும் 1985-இல் வெளியிட்ட அளவீட்டில், படியிலிருந்து காற்று மீண்டும் தரையைத் தொடும் இடம் வரையான தொலைவு படி உயரத்தைப் போல் 6.26 மடங்கு. பரவலாகப் பயன்படும் டர்புலன்ஸ் மாடலான வழக்கமான கே-எப்சிலானோ 5 மடங்கை ஒட்டியே தொட்டுவிட்டதாகச் சொல்லும். மெஷ்ஷை, அதாவது கட்டப்புள்ளிகளின் வலையை, எவ்வளவு நுணுக்கினாலும் இந்தப் பிழை போகாது. கட்டட மூலைகளிலும் காற்று இப்படித்தான் பிரிகிறது.

சராசரியை நம்பியதன் விளைவை இங்கிலாந்து 1965 நவம்பர் 1-ஆம் தேதி கண்டது. ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையத்தின் 8 குளிர்விப்புக் கோபுரங்களில் 3 சரிந்தன. அப்போது சிஎஃப்டி இல்லை. ஆனால் ஒரு நிமிடச் சராசரிக் காற்றை வைத்தே வடிவமைத்திருந்தார்கள். சில நொடிகளே நீடிக்கும் வீச்சு அதைவிடக் கடுமையானது. விழுந்தவை பின்வரிசைக் கோபுரங்கள். முன்வரிசை கிளப்பிய கொந்தளிப்பு அவற்றைத் தாக்கியது.

கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான நம் இந்தியத் தர விதி ஐஎஸ் 875 மூன்றாம் பாகம் 3 நொடி வீச்சையே அடிப்படையாகக் கொள்கிறது. சென்னைக்கு அது நொடிக்கு 50 மீட்டர். உங்களிடம் வரும் அறிக்கையில் உள்ள வேகம் சராசரியா, வீச்சா என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டடங்களைச் சேர்த்தார்களா, மெஷ்ஷை நுணுக்கியபோது விடை மாறியதா, எந்தச் சோதனை அளவீட்டோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அடுக்குமாடி உயரமானது என்றால் வின்ட் டன்னல் சோதனையும் (சிறு மாதிரியின் மீது காற்றைச் செலுத்தி அளப்பது) செய்யச் சொல்லுங்கள். அதற்கான செலவை வடிவமைப்புக் கட்டத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. அஸ்திவாரம் போட்டபின் முடிவு வந்தால் மாற்ற வழியிருக்காது.