ஸ்லைடு – படவில்லை

தொழில்நுட்ப மாநாட்டு மேடையில் இன்று யாரும் எதையும் தள்ளுவதில்லை. பொத்தானை அழுத்தினால் திரை மாறுகிறது. ஆனாலும் பெயர் என்னவோ ஸ்லைடுதான். சறுக்கு, நழுவு என்று பொருள்படும் ஆங்கில வினைச்சொல் இது.

17ஆம் நூற்றாண்டில் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உருவாக்கிய, படத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் மாய விளக்கில், ஓவியம் தீட்டிய கண்ணாடியைப் பக்கவாட்டில் தள்ளிச் செருகுவார்கள். பெயர் வந்தது அதனால்தான். 1850இல் பிலடெல்பியாவின் லாங்கன்ஹைம் சகோதரர்கள் கண்ணாடியில் புகைப்படத்தையே பதித்துக் காப்புரிமை வாங்கினார்கள். அப்புறம் விரிவுரை அரங்குகளுக்கும் விளக்கு வந்துவிட்டது. பேசுபவர் முன்னால், விளக்கை இயக்குபவர் பின்னால். எனவே “அடுத்த ஸ்லைடு” என்று கேட்க வேண்டியிருந்தது. நம்மூர் சினிமா கொட்டகைகளில் ஜவுளிக்கடை விளம்பரமும் “புகை பிடிக்காதீர்” அறிவிப்பும் வந்தது இதே வகைக் கண்ணாடியில்தான். 1987இல் பவர்பாயிண்ட் மென்பொருள் வந்தது. காலப்போக்கில் கண்ணாடியும் பிலிமும் போயின, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொன்றும் போனது. கண்ணாடியிலோ பிலிமிலோ ஒரு ஸ்லைடு செய்யக் காசும் நாளும் ஆகும்; கண்டதையெல்லாம் போட மனம் வராது. கணினியில் செலவே இல்லை, படம் இருந்த இடத்தில் பத்தி பத்தியாக எழுத்து ஏறியது.

அதன் விளைவுக்குக் கொலம்பியா விண்கலத்தைத்தான் சொல்ல வேண்டும். 2003 ஜனவரியில் விண்கலம் கிளம்பும்போது ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இறக்கையில் மோதியது. அது பற்றிப் பொறியாளர்கள் நாசாவுக்குக் காட்டிய ஒரு ஸ்லைடின் தலைப்பு, ஆபத்து பெரிதில்லை என்ற தொனியில் இருந்தது. சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலத் துண்டு, மோதியதோ சுமார் 1,920 கன அங்குலம் என்ற செய்தி, அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும்போது அந்தச் சேதத்தால் விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விசாரணைக் குழு வெளிப்படையாகவே குறை சொன்னது.

சரி, தமிழில்? ‘சறுக்கு’, ‘நழுவம்’ என்று வினையை அப்படியே பெயர்ப்பதில் பயனில்லை. இப்போது எதுவும் நழுவுவதில்லை. ‘சில்லு’ என்றும் எழுதுகிறார்கள். அது மின்னணுச் சிப்புக்கும் வழங்குவதால், சிப் வடிவமைப்பு மாநாட்டில் குழப்பம்தான் மிஞ்சும். என் ஓட்டு ‘படவில்லை’க்கு. வில்லை என்றால் சிறிய, தட்டையான துண்டு: சந்தன வில்லை, கற்பூர வில்லை, அஞ்சல் வில்லை. சேவகர் மார்பில் குத்திய பித்தளைத் தகடுகூட வில்லைதான்.

முன்னால் ‘பட’ என்று நிற்பது இன்னும் நல்லது. வரைபடம், சுற்றுப்படம், அளவீட்டு வளைவு என்று கண்ணால் பார்க்க வேண்டியது இருந்தால்தான் அது படவில்லை. மேலே முடிவை ஒரு முழு வாக்கியமாகவும், கீழே அதற்கான படத்தையும் வைத்தால் கடைசி வரிசைக்கும் விளங்கும். மாநாட்டுக்குப் பிறகு படிக்க அனுப்பும் நாற்பது பக்கக் கோப்புக்கு இந்தச் சொல் வேண்டாம், ‘அறிக்கை’ போதும். ஸ்லைடு ஷோவுக்குப் ‘படவில்லைக் காட்சி’. பேச்சில் “அடுத்த வில்லை போடுங்க” என்று சுருக்கிக்கொள்ளலாம்.