வேலையிடத்தில் பாலியல் தொல்லை: புகாருக்குக் கெடு 3 மாதம்தான்

"அன்னைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேனே" என்பார்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள், நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொல்லை தொடர்ந்திருந்தால், கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம்.

"பொறும்மா, பேசிப் பார்க்கிறோம்" என்று ஹெச்ஆர் சொல்வது, குழுத் தலைவர் லீவில் இருப்பது எல்லாம் இந்த மூன்று மாதத்தைத்தான் தின்னும். பேசிப் பார்க்கட்டும், தப்பில்லை. உங்கள் புகார் அதற்கு முன்பே போய், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து உங்களிடம் இருக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. சமரசம் நீங்களாகக் கேட்டால் மட்டும்தான். அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

3 மாதம் தாண்டிவிட்டதா? குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டலாம், காரணத்தை எழுதிவைத்து. அவர்களாக எழுத மாட்டார்கள். மிரட்டல், உடல்நலக் குறைவு என்று எது தடுத்ததோ அதைப் புகாரிலேயே தேதியோடு எழுதுங்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: தொல்லைக்குப் பிறகு பழிவாங்கலாகப் பதவியைப் பறித்தால், கெடு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை. 2023 ஏப்ரலில் நடந்த சம்பவத்துக்கு டிசம்பரில் கொடுத்த புகார் காலம் கடந்தது என்று 2025-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இடையில் ஆகஸ்டில் பொறுப்பிலிருந்து நீக்கியதை அது பாலியல் தொல்லையாக ஏற்கவில்லை.

முதலாளி மீதே புகாரா, அல்லது பத்துப் பேருக்குக் குறைவான இடமா? அப்படியானால் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார் குழுவுக்குப் போக வேண்டும். எங்கே இருக்கிறது என்று கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் மேசை மேசையாக அனுப்புவார்கள். அலையாதீர்கள், தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

ஆறு மாதமும் போய்விட்டால் குழு கைவிரித்துவிடும். ஆனால் போலீஸ் வழி தனி. பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 75-ஆம் பிரிவில் ஆபாசப் பேச்சுக்குத் தண்டனை 1 வருடம் வரை, அதனால் வழக்குக்குக் கெடுவும் 1 வருடம். தொடுவது, பாலியல் ரீதியாக வற்புறுத்துவது என்றால் இரண்டுமே 3 வருடம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கலாம்.

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கொடுக்கும் சிஎஸ்ஆர் ரசீதை வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்ஐஆர் பதிவான தேதிதான் கணக்கு. நகல் இலவசம், கேட்டு வாங்கி, எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தொட்டதை வெறும் பேச்சு என்று எழுதியிருந்தால் கெடு சுருங்கிவிடும். பதிவே செய்ய மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.