ரோமன் என்றால் சாயாதது

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆங்கிலப் புத்தகத்துக்குப் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தோம். சாய்வெழுத்தில் இருந்த ஒரு சொல்லை மெய்ப்புப் பார்த்தவர் சுழித்து, ஓரத்தில் ஆர், ஓ, எம் என்று மூன்றே எழுத்து எழுதியிருந்தார். வேலைக்குப் புதிதாக வந்திருந்த பையன் அந்தச் சொல்லை மட்டும் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டான். சாய்வு அப்படியே இருந்தது. அடுத்த மெய்ப்பில் அதே சுழி, அதே மூன்றெழுத்து, கூடவே இரண்டு ஆச்சரியக்குறி.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மூன்றெழுத்து 'ரோமன்' என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் அது பல வேலை பார்க்கும் சொல். அச்சுத்தொழிலில் அதற்குச் 'சாயாமல் நிமிர்ந்து நிற்கும் எழுத்து' என்று பொருள். இந்தப் பொருளில் வரும்போது பெரும்பாலும் முதலெழுத்தைக்கூடப் பெரிதாகப் போடமாட்டார்கள்.

ஒரு நகரத்தின் பெயர் எப்படி நிமிர்ந்த எழுத்துக்குப் போனது? ரோமில் இன்றும் நிற்கிற, பேரரசர் டிராஜனின் தூணிலிருந்து தொடங்கலாம். கி.பி. 113இல் எழுப்பப்பட்ட அந்தத் தூணின் அடியில் ஆறு வரிக் கல்வெட்டு ஒன்று உண்டு. முதல் வரியின் கடைசிச் சொல்லே 'ரோமானுஸ்'தான். ஆனால் அதில் யூ வரவேண்டிய இடத்தில் வீ நிற்கும். ஜே, யூ, டபிள்யூ மூன்றும் ரோமானியரிடம் தனி எழுத்துகளாக இல்லை. பின்னால் பிரிந்து வந்தவை. கோடு முடியுமிடத்தில் சின்னப் பாதம்போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது உளியின் வேலையல்ல, முதலில் தூரிகையால் எழுதியபோதே விழுந்தது என்று வாதிட்டார் எட்வர்ட் காட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார். விளம்பரப் பலகை எழுதிப் பழகியவர் என்பதால் கை எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக, பெரிய எழுத்துகள் ரோமானியருடையவை. சின்ன எழுத்துகள்? இங்கேதான் வேடிக்கை. அவை எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சார்லமேன் பேரரசின் மடாலயங்களில் உருவான கையெழுத்து முறை. 1400ஐ ஒட்டி, ஃப்ளாரன்ஸ் நகர அறிஞர்கள் பழைய லத்தீன் நூல்களைத் தேடி அலைந்தபோது கையில் கிடைத்தவை பெரும்பாலும் இந்த எழுத்தில் எடுத்த படிகள். 'ஆகா, ரோமானியர் இப்படித்தான் எழுதினார்கள்' என்று நம்பி, அதற்குப் 'பழைய எழுத்து' என்று பெயரும் வைத்து, போஜ்ஜோ பிராச்சியோலினி போன்றவர்கள் அதையே பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். எழுநூறு எண்ணூறு வருடப் பிசகு! கல்வெட்டின் பெரிய எழுத்தும் மடாலயத்தின் சின்ன எழுத்தும் அப்படித்தான் ஒரே குடும்பமாயின.

அச்சு இயந்திரம் இத்தாலிக்கு வந்தபோது அச்சர்கள் பின்பற்றியது இந்தக் கையெழுத்தைத்தான். 1470இல் வெனிஸில் நிக்கோலா ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் வார்த்த அச்செழுத்தின் அழகை இன்றைய வடிவமைப்பாளர்களும் எடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு, 1501இல் அதே வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ், லத்தீன் கவிஞர் வர்ஜிலின் கைக்கடக்கமான பதிப்பு ஒன்றைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். இத்தாலியிலிருந்து வந்ததால் அது 'இட்டாலிக்'. அதற்கு எதிரே நிமிர்ந்து நின்றது 'ரோமன்'. ஜெர்மானியர் அதை இன்னும் 'ஆன்டிகுவா', அதாவது பழையது, என்றுதான் சொல்கிறார்கள்.

லண்டனின் டைம்ஸ் நாளிதழ் 1932இல் தனக்கென்று புதிய எழுத்துரு செய்துகொண்டது. ஸ்டான்லி மாரிசன் யோசனை, விக்டர் லார்டென்ட் வரைந்தது. அதன் சாய்வு வடிவம் கணினிப் பட்டியலில் 'டைம்ஸ் நியூ ரோமன் இட்டாலிக்' என்று நிற்கிறது. அச்சுக்காரர் காதில் அது 'நிமிர்ந்த சாய்வு' என்றுதான் விழும். பையன் மாட்டியது இதில்தான்.

எழுத்துக்கு வெளியே இந்தச் சொல் இன்னும் தாராளமாகத் திரிகிறது. 1796இல் ஜேம்ஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற 'ரோமன் சிமென்ட்' களிமண் கலந்த சுண்ணாம்புக் கற்களைச் சுட்டு அரைத்தது. அசல் ரோமானியரோ சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்தார்கள். பெயர் வியாபாரத்துக்கு உதவியது, அவ்வளவுதான்.

'ரொமான்ஸ்' பயணித்த தூரம் அதிகம். 'ரோமானியர் பாணியில்' என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல், பழைய பிரெஞ்சில் ஊர்ப் பேச்சுமொழிக்குப் பெயரானது, படித்தவர்களின் லத்தீனிலிருந்து பிரித்துச் சொல்ல. நாம் 'கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க' என்கிறோமே, அந்த மாதிரி. அப்புறம் அந்த மொழியில் சொன்ன வீரக் கதைகளுக்குப் பெயர். அவற்றில் காதலும் இருந்ததால் கடைசியில் காதலுக்கே பெயர். பிரெஞ்சில் இன்றும் 'ரோமன்' என்றால் நாவல்.

ஒலியை நம்பி ஏமாறவும் கூடாது. ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களின் பெயருக்கும் ரோமுக்கும் உறவில்லை. அவர்கள் மொழியில் 'ரோம்' என்றால் ஆண், கணவன். அந்த மொழியின் வேர் வட இந்தியாவில் இருக்கிறது.

நம் பக்கத்துக்கும் ரோமன் எழுத்து, அதாவது ஆங்கிலம் எழுதும் அந்த ஏ, பி, சி, டி, சீக்கிரமே வந்துவிட்டது. 1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு கிறிஸ்தவப் போதனை நூலில் தமிழ் வாசகங்கள் முழுக்க ரோமன் எழுத்திலேயே இருக்கின்றன. வாட்ஸப்பில் 'சாப்டியா' என்று ஆங்கில எழுத்தில் தட்டுவது அதே வேலைதான். மலேசியாவில் மலாயை அந்த எழுத்தில் எழுதும் முறைக்குப் பெயரே 'ரூமி'.